சாவியைக் கொடுத்தது யார்?

கேள்வி: எங்கள் வீடு டர்பனில், சாட்ஸ்வொர்த்தில். மகனுக்கு 16 வயது, நன்றாகவே கார் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா மீன்பிடிக்கப் போய்விடுவதால், ஆயாவை, அதாவது என் மாமியாரை, உம்கேனி ரோடு கோயிலுக்கு அவன்தான் அழைத்துப்போவான். எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் ஹைவேயில் ஓட்டப் பயம். போன வாரம் திரும்பும்போது சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டான். அவருக்குக் கை முறிந்தது. பணம் கொடுத்தோம், போலீசுக்குச் சொல்லவில்லை. சின்னப் பையனைச் சட்டம் என்ன செய்யும்?

பதில்: உங்களுக்கு ஹைவேயில் ஓட்டப் பயம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் நீங்கள் அஞ்சிய சாலைக்கு, காருக்கு லேர்னர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதக்கூட வயதாகாத பிள்ளையை அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே வயதான மாமியாரையும். அப்போது அவன் பெரியவன். இடித்த பிறகு சின்னப் பையனா?

சட்டத்துக்கு அவன் அவ்வளவு சின்னவன் இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, இன்று 12 வயதுக்குக் கீழே இருந்தால் வழக்குத் தொடர முடியாது. 12, 13 வயதில், தவறென்று தெரிந்தே செய்தான் என அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 14 ஆகிவிட்டால் அந்தச் சலுகையும் போயிற்று. உங்கள் மகனுக்கு 16.

அவனை மட்டும் கேட்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிடுவது காரின் உரிமையாளருக்கும் குற்றம். கார் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை? காயம்பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஓடிவிட்டது. நீங்கள் கொடுத்த பணம் அந்தக் கடமையைத் தீர்க்காது. முறிந்த கையோடு அந்த மனிதர் வேலைக்குப் போகிறாரா என்றாவது கேட்டீர்களா?

பிள்ளையின் எதிர்காலத்துக்காக மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் தவறுக்கு அவன் பொறுப்பேற்றால், அரசு வழக்கறிஞர் இசைந்து மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால், வழக்கு விசாரணைக்குப் போகாமல் நிபந்தனைகளோடு முடிய அதே சட்டத்தில் வழியிருக்கிறது. அது முன்தண்டனையாகக் கணக்கில் வராது. மறைத்து, பிறகு பிடிபட்டவனுக்கு அந்தக் கருணையைக் கேட்பது கடினம்.

தாயைக் கோயிலுக்கு அழைத்துப்போவது அவர் பெற்ற மகனின் கடமை, பேரனின் தலையில் கட்டுவதற்கில்லை. மீன் சனிக்கிழமையும் கடிக்கும்.

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதியில்லை என்றால் அரசின் லீகல் எய்ட் அலுவலகத்தில் பையனுக்கு இலவசமாகக் கிடைப்பார். பிறகு அவரோடு மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். உங்கள் கணவர் வேலை இருக்கிறது என்பார். விடாதீர்கள், அவர் பையனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.