மின்கட்டணம்: இந்த வாரத் தபாலில் வந்தவை

கே: 2018-19இல் சிங்கப்பூரில் மின்சாரச் சந்தை திறந்து, பிடித்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்றானபோது எல்லாரும் மாறினார்கள், நாங்கள் மாறவில்லை. ஈரறை வாடகை வீடு. பெரிய நஷ்டமா? (புக்கிட் மேரா)

மாதம் 150 யூனிட் ஓடுகிறது என்கிறீர்கள். யூனிட்டுக்கு 2 காசு குறைந்திருந்தாலும் 3 வெள்ளிதான். இரண்டு கோப்பிக் காசு. தூங்கப் போங்கள்.

கே: எந்த நிறுவனம் மலிவு? (ஈசூன்)

வீடு எத்தனை அறை, மாதம் எத்தனை யூனிட், ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியரா? பில்லைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: நிறுவனம் மாறினால் யு-சேவ் (பில்லில் அரசாங்கம் தரும் தள்ளுபடி) நின்றுவிடுமா?

நிற்காது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வழக்கம்போல் வரும். வீடு சிறிதானால் தொகை கூடும்.

கே: 2021இல் எங்கள் நிறுவனம் திடீரென்று கடையை மூடியது. இப்போது வேறு நிறுவனங்கள் கூடாரம் போட்டு அழைக்கின்றன. இன்னொரு தடவை நம்பலாமா? (செங்காங்)

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவில் பிறப்பது. அந்த ஆண்டுக் கடைசியில் எரிவாயு விலை எகிறியது. நிலையான விலைக்கு விற்றுவிட்டு, தாங்கள் வாங்கும் விலையைப் பூட்டி வைக்காதவர்கள் தாக்குப்பிடிக்காமல் கிளம்பினார்கள். உங்கள் வீட்டு விளக்கு அணைந்ததா? இல்லை. கணக்கு, மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்பி குழுமத்துக்கு மாறியது, கம்பி அதே கம்பிதான். போனது மலிவு விலை மட்டும்.

நம்புவதா வேண்டாமா என்பதை விடுங்கள், ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? நானும் ஒரு கூடாரத்தில் ரைஸ் குக்கருக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டவன்தான். இடையில் விலகக் கட்டணம் உண்டு என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. குக்கர் ஓராண்டு உழைத்தது, ஒப்பந்தம் இரண்டாண்டு. எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, முடிந்ததும் என்ன விலை: இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

கே: தமிழ்நாட்டில், ஊரில் அம்மாவுக்கு 100 யூனிட் இலவசம் என்றார்கள். பில் வருகிறதே? (துவாஸ்)

அந்த 100 இரண்டு மாதத்துக்குச் சேர்த்து. மேலே ஓடியதற்குக் கட்ட வேண்டும். போன தடவை ஊருக்குப் போய் ஏசி மாட்டிவிட்டு வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன கேள்வி?

கே: பாக்கி சேர்ந்ததால் முன்கட்டண மீட்டர் வைத்தார்கள். 20 வெள்ளி போட்டால் 20க்கும் மின்சாரம் வரவில்லை. மீட்டர் கோளாறா?

கோளாறு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு பழைய பாக்கிக்குப் போகிறது. சமாளிக்க முடியாவிட்டால் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள், மீட்டர் பூஜ்யத்தைத் தொடும் முன்பே.