கடைசி வரிசைப் பிள்ளைக்கு என்ன வேலை?

வணக்கம் சார், எங்க ஸ்கூலும் குடியிருப்போர் சங்கமும் சேந்து ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டாலயே கதை சொல்ற நாடகம், போடப் போறோம். புதுசா இருக்கணும், தாத்தா பாட்டில இருந்து வாண்டுங்க வரைக்கும் ஒண்ணா உக்காந்து பாக்கணும். 40 பிள்ளைங்க பேர் குடுத்திருக்காங்க, நல்லா பாடுறது ஆறு பேர்தான். கமிட்டில பாதிப் பேர், தெரிஞ்ச பேரா போட்டாத்தான் டிக்கெட் போகும்ங்கிறாங்க. எதைப் பாத்து செலக்ட் பண்றது?
— ஒரு பாட்டு டீச்சர்

வணக்கம் டீச்சர்,

40-க்கு ஆறுன்னு எழுதியிருக்கீங்களே, அங்கருந்தே ஆரம்பிக்கலாம். எல்லாரும் மொதல்ல கதை என்ன, ஹீரோ யாருன்னு பாப்பாங்க. நான் ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும், கோரஸ், அதாவது கூட்டமா பாடுற பிள்ளைங்க, ஸ்கிரிப்ட்ல எத்தனாவது பக்கத்துல மேடைக்கு வருது, எத்தனாவது பக்கத்துல உள்ள போகுதுன்னு பென்சில்ல கோடு போட்டுட்டே போவேன். மொதப் பாட்டுக்கு வந்துட்டு அப்புறம் கடைசிப் பாட்டுக்குத்தான் கூப்பிடுறாங்கன்னா அந்த ஸ்கிரிப்ட் உங்களுக்கு வேணாம், பேர் எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி.

இந்தத் தப்ப நானே பண்ணிருக்கேன். பேர் போன ஒண்ண எடுத்தோம், அதுல ஒரு சின்னப் பொண்ணு ஷோ முழுக்க மரம். ரெண்டாம் பாதியில நின்னுகிட்டே தூங்கிட்டா, அட்டைக் கிளை மெதுவா சாயுது, ஹீரோயின் உருகி உருகிப் பாடுறா, ஆனா ஹால் மொத்தமும் அந்தக் கிளையத்தான் பாத்துட்டு இருந்துச்சு.

பாட வராத பிள்ளைக்கும் நிஜமான வேலை குடுக்கலாம். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958-ல பிள்ளைங்களையும் ஊர்க்காரங்களையும் மனசுல வச்சு ‘நோயஸ் ஃப்ளட்’னு நோவா கப்பல் கதைய இசையா பண்ணாரு. அதுல மழை எப்படி ஆரம்பிக்குது தெரியுமா, காபி குடிக்கிற கப்புங்கள கைப்பிடில கயிறு கட்டி வரிசையாத் தொங்கவிட்டு மரக்கரண்டியால தட்டணும், டொக்கு டொக்குன்னு மொதத் துளி விழும். மிருகங்க கூட்டங்கூட்டமா கப்பல் ஏறணும், அதுக்கே ஒரு படை பிள்ளைங்க வேணும். பாக்க வந்தவங்களும் நடுவுல சேந்து பாடணும். உங்க ஆட்களுக்கு இந்த மாதிரி ஏதாவது வேலை இருக்கான்னு தேடுங்க.

கமிட்டிக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு. இன்னைக்கு எங்கெங்கயோ ஸ்கூல்கள்ல போடுற ‘ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்’ 1968-ல லண்டன்ல ஒரு ஸ்கூல் பசங்க பாடினதுதான், மொத்தமே கால் மணி நேரச் சமாச்சாரம், இசை போட்ட ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்ப 19 வயசு. அன்னைக்கு அந்தப் பேர் யாருக்குத் தெரியும்? அதுவும் போக, ஸ்கூல் ஷோவுக்கு டிக்கெட் வாங்குறது பேரப் பாத்து இல்ல, 40 பிள்ளைங்கன்னா 40 வீடு, நம்ம பிள்ளை எத்தனை நிமிஷம் மேடைல இருக்கும்னுதான் அவங்க கணக்கு. தெரிஞ்சத போட்டா இன்னொரு தொல்லை, பிள்ளைங்க சினிமால கேட்ட குரல அப்படியே காப்பியடிப்பாங்க.

புதுசுன்னு முடிவு பண்ணிட்டா ஒவ்வொரு பாட்டையும் நீங்களே பாடிப் பாருங்க. 12, 13 வயசுப் பையன்களுக்குக் குரல் உடையுற நேரம், செலக்ஷன் அன்னைக்கு எட்டின மேல்ஸ்தாயி ஷோ அன்னைக்கு எட்டாது. ரெக்கார்ட் பண்ணின டிராக் வச்சுப் பாடுறதா இருந்தா வேற சுருதியிலயும் கிடைக்குமான்னு முன்னாடியே கேளுங்க. பெரிய ஷோவ பிள்ளைங்களுக்காகச் சுருக்கி ஜூனியர் வெர்ஷன்னு வர்றது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான், சின்னக் குரலுக்கு ஏத்த மாதிரி பாட்டையும் மாத்தியிருப்பாங்க.

குடும்பத்தோட பாக்குறதுன்னா சோகமே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, சாவு வந்தாக்கூட பிள்ளைங்க தாங்கிக்கும். குண்டா இருக்கறவன், திக்கிப் பேசுறவன் இவங்கள வச்சு சிரிக்க வைக்கிற ஸ்கிரிப்ட்டத்தான் நான் மூடி வச்சிடுவேன், ஏன்னா அப்படி ஒரு பிள்ளை உங்க 40-லயே இருக்கும்.

அப்புறம் உரிமை விஷயம். டிக்கெட் போட்டு நடத்துறதுன்னா உரிமை வச்சிருக்கறவங்க கிட்ட லைசன்ஸ் வாங்கணும், சும்மா போட்டாலும் வேணுமான்னு கேட்டுக்கோங்க, பிடிக்காத வசனத்த நீங்களா வெட்டவும் முடியாது, எழுதிக் கேட்டு சரின்னு பதில் வந்தப்புறம்தான். பணம் கட்டறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்க ஒரு காப்பி கேளுங்க, நிறைய பேர் குடுப்பாங்க. வீடியோ எடுக்க தனி அனுமதி, அத மொத மெயில்லயே கேட்டுருங்க, ஷோ அன்னைக்கு 40 அப்பாக்கள் போனத் தூக்கினதுக்கு அப்புறம் கேக்க முடியாது.

அன்புடன்.