லேபிள் உரிந்த போத்தலும் மாதக் கடைசிப் பதிவேடும்

கேள்வி: ஐயா, வணக்கம். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இப்போது சிங்கப்பூரில் லிம் சூ காங் வட்டாரத்தில் ஒரு காய்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன மாத மழையில் மருந்து ஸ்டோரின் கூரை ஒழுகி, தரையில் இருந்த பெட்டிகள் நனைந்து, ஏழு போத்தல்களின் லேபிள் உரிந்துவிட்டது. கூட வேலை செய்யும் ஒருவர், மூடி உடைந்த ஒன்றைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறார். வாசனையை வைத்து இரண்டு போத்தல்களை அடையாளம் கண்டுவிட்டேன், நாங்கள் வழக்கமாக அடிக்கும் மருந்துதான். கைலான் கீரையில் பச்சைப் புழு கடுமையாக இருக்கிறது. பத்து நாளில் அறுவடை. அந்த இரண்டையும் அடிக்கலாமா? மற்றதை எங்கே கொட்டுவது? பதிவேட்டை மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதுவேன். லேபிள் இல்லாததால் இந்த மாதம் எழுத முடியவில்லை, முதலாளி கேட்கிறார். புழுவுக்கு நல்ல மருந்தும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, வணக்கம். இதைப் படித்து முடிப்பதற்கு முன் எழுந்துபோய் அந்தக் குளிர்பானப் போத்தலைப் பாருங்கள். அதை வேறு எதிலும் ஊற்ற வேண்டாம். கையுறை போட்டு, அப்படியே நிமிர்த்தியபடி, மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி, சுற்றிலும் உலர்ந்த மணலைப் போட்டு மூடுங்கள். மேலே "விஷம், குடிக்காதே, தொடாதே" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் உங்களோடு வேலை செய்பவர்கள் படிக்கும் மற்ற மொழிகளிலும் எழுதி, ஸ்டோரைப் பூட்டிவிட்டு வாருங்கள்.

வெயிலில் வேலை செய்து வருகிறவன் கண்ணில் படும் குளிர்பானப் போத்தலில் என்ன இருக்கிறது என்று யோசிக்கமாட்டான். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்தார்கள். மருந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது என்றால் அது தெளிப்பான் டேங்குக்கு மட்டும்தான் போக வேண்டும். உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வீணாகக் கூடாது என்று செய்திருப்பார். அவரைத் திட்டாமல் இதைச் சொல்லிப் புரியவையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். மருத்துவருக்குக் காட்ட லேபிள் வேண்டும். லேபிள் இல்லாத மருந்தில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான், எதற்குச் சிகிச்சை கொடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடிக்கக் கூடாது. ஏழில் ஒன்றைக்கூட.

வாசனையை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறீர்கள். நீங்கள் முகர்ந்தது பெரும்பாலும் மருந்தின் வாசனையே இல்லை. திரவ மருந்துகள் பலவற்றில் மருந்தைக் கரைத்து வைக்க ஒரு கரைப்பான் இருக்கும், மூக்கில் ஏறுவது அதன் நெடி. ஒரே கரைப்பானில் புழுமருந்தும் வரும், களைக்கொல்லியும் வரும். தவறிக் களைக்கொல்லியை அடித்தால் கைலான் பாத்தியே போய்விடும். போகாவிட்டாலும், லேபிள் இல்லாமல் எத்தனை நாள் காத்திருந்து அறுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? அறுவடை பத்து நாளில் என்கிறீர்கள். காத்திருப்புக் காலம் மூன்று நாள் உள்ள மருந்தும் இருக்கிறது, பதினான்கு நாள் உள்ளதும் இருக்கிறது. இனி எதையும் முகர்ந்து பார்க்க வேண்டாம். முகர்வதே மருந்தை உடம்புக்குள் விடுவதுதான்.

கொட்டவும் கூடாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிப்புப் பகுதி. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை 1975-இல் அடைத்துத்தான் கிராஞ்சி நீர்த்தேக்கம் வந்தது, உங்கள் வட்டாரத்துப் பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பண்ணை ஓரக் கால்வாயில் ஊற்றுவது ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து குழாய்க்கு வரும். மண்ணில் குழி தோண்டி ஊற்றுவதும் கழிப்பறையில் ஊற்றுவதும் அதே குற்றம்தான். ஏழையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம், எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. தனித்தனியாக, நிமிர்த்தி, கசிவு பிடிக்கும் தட்டில் வைத்து, "அடையாளம் தெரியாத பூச்சிமருந்து" என்று எழுதுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைப்பதும் காசு கொடுப்பதும் முதலாளியின் பொறுப்பு. நீங்கள் ஒளித்து வைத்துச் சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். ஒரு சிறிய பண்ணையில் ஏழு போத்தல் எப்படிச் சேர்ந்தது?

எனக்குத் தெரிந்த பதில்தான். ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் விலை குறைவு என்று விற்பவர் சொல்வார். கூடவே வேறொரு மருந்தைச் சும்மா கொடுப்பார். மருந்தை மலிவாக வாங்கியதில் லாபம் பார்த்த பண்ணையை நான் பார்த்ததில்லை. திறந்த மருந்து நம் சூட்டிலும் ஈரத்திலும் நாளுக்கு நாள் வலு இழக்கும். தூள் மருந்து கட்டி தட்டும். பி.டி. (ஒரு வகை பாக்டீரியாவிலிருந்து செய்வது) போன்ற உயிரி மருந்து சூடான தகரக் கொட்டகையில் கிடந்தால் சீக்கிரமே பயனற்றுப்போகும். ஒரு பருவத்துக்கு வேண்டியதைச் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். அப்புறம், பெரிய டிரம்மிலிருந்து சின்னப் போத்தலில் பிரித்து ஊற்றி விற்பவனையும், லேபிள் இல்லாததைத் தொலைபேசியில் படம் அனுப்பி "ஒரே நாளில் புழு சுருண்டுவிடும்" என்பவனையும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பண்ணையில் அடிக்கும் மருந்து இங்கே பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், அடிப்பவரிடம் அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். அந்த விற்பனையாளருக்கு இரண்டைப் பற்றியும் கவலை இல்லை. மாட்டிக்கொள்வது நீங்கள்தான். உங்கள் பண்ணையில் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. அதை முதலில் முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பதிவேடு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது கூரையும் இல்லை, புழுவும் இல்லை, "மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதுவேன்" என்ற வரிதான். மாதக் கடைசியில் எழுதுவதற்குப் பதிவேடு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது நாளைக்கு முன் எந்தப் பாத்தியில் எத்தனை டேங்க் அடித்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. லேபிளைப் பார்த்து, வழக்கமான அளவைப் போட்டு, சுமாரான ஒரு தேதியையும் போட்டு நிரப்புகிறோம். அதிகாரி வந்தால் காட்டலாம், அவ்வளவுதான். மருந்து கலக்கும் இடத்தில், கலக்கிய கையோடு, தெளிப்பான் முதுகில் ஏறுவதற்கு முன் எழுதியதைத்தான் நான் பதிவேடு என்பேன்.

அதற்கு ஒரு தடித்த நோட்டும் பென்சிலும் போதும். கலக்கும் இடத்தில் மழை படாத பையில் தொங்கவிடுங்கள். கலக்குகிறவரே எழுத வேண்டும், அவர் மொழியிலேயே எழுத வேண்டும். தமிழர் தமிழில் எழுதட்டும், பங்களாதேஷ்காரர் வங்காளத்தில் எழுதட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று முதலாளி சொன்னால், அலுவலகத்தில் ஒருவர் அன்றன்றே பெயர்த்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் மூல நோட்டைத் தூக்கிப் போடக் கூடாது. ஆங்கிலத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் எழுதாமலே விடுகிறார்கள்.

என்ன எழுதுவது? தேதி, நேரம், பாத்தி எண், பயிர், விதைத்த நாள், என்ன பூச்சியைப் பார்த்து அடித்தோம், மருந்தின் முழுப் பெயர், எவ்வளவு மருந்து எவ்வளவு தண்ணீர், எத்தனை டேங்க், அடித்தவர் பெயர், அடித்த பிறகு மழை பெய்ததா. பெரும்பாலான நோட்டுகளில் இல்லாத இரண்டு கட்டங்களை நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

முதலாவது, "இந்தத் தேதிக்கு முன் அறுக்காதே". லேபிளில் உள்ள காத்திருப்பு நாளைக் கூட்டி, தேதியாகவே எழுதுங்கள். "7 நாள்" என்று எழுதினால் அறுப்பவர் கணக்குப் போட வேண்டும், அவர் போடமாட்டார். அதே தேதியை ஒரு சிவப்பு அட்டையில் எழுதிப் பாத்தியின் தலைப்பில் குத்துங்கள். மருந்து அடிப்பவர் ஒருவர், விடியற்காலையில் லாரிக்கு அவசரமாக அறுப்பவர் வேறொருவர். கங்கோங், சாய் சிம் எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் பயிர், அதில் ஒரு வாரம் என்பது பெரிய பங்கு. கீரையில் மருந்து எச்சம் வரம்பைத் தாண்டினால், அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டு பேருக்கு நடுவே தேதி போய்ச் சேராததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, "என்ன ஆனது". மூன்று நாள் கழித்துப் பாத்திக்குப் போய்ப் புழு குறைந்ததா என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். உங்கள் புழுக் கேள்விக்கான பதிலே இந்த வரியில்தான் இருக்கிறது.

கைலானில் இருப்பது தொட்டால் துடித்து, நூல் விட்டுத் தொங்குகிற சின்னப் பச்சைப் புழு என்றால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. உலகத்தில் மருந்துக்குப் பழகிப்போவதில் இதற்கு ஈடு குறைவு. 1950-களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்துக்கு அசையாமல் நின்றது. 1990 வாக்கில் ஹவாய்ப் பண்ணைகளில் பி.டி.யையே தாங்கப் பழகிவிட்டது. நம் சூட்டில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி ஆக ஏறக்குறைய இரண்டு வாரம் போதும், அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சீக்கிரமே அதைத் தாங்கும் புழு மட்டும்தான் மிஞ்சும். பெரும்பாலான லேபிள்களில், பூச்சியைக் கொல்லும் விதத்தை வைத்து மருந்து எந்தக் குழு என்று ஓர் எண் இருக்கும். குளோரன்ட்ரனிலிப்ரோல் 28, ஸ்பினோசாட் 5, எமாமெக்டின் 6, பி.டி. 11. கடைப் பெயர் வேறாக இருந்து எண் ஒன்றாக இருந்தால் புழுவுக்கு அது ஒரே மருந்துதான். ஒரு தலைமுறைக்கு ஒரு எண், அடுத்த தலைமுறைக்கு வேறு எண் என்று மாற்ற வேண்டும். போன முறை என்ன எண் அடித்தோம் என்று நோட்டில் இல்லாமல் எப்படி மாற்றுவீர்கள்? நோட்டில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதுங்கள். "வழக்கமாக அடிக்கும் மருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வழக்கம்தான் உங்கள் புழுவை வளர்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வாரத்துக்கு, பதிவு பெற்ற பி.டி. ஒன்றைப் புதிதாகச் சிறிய பாக்கெட்டில் வாங்கி, லேபிளில் உள்ள அளவில் அடியுங்கள். அதிலும் காத்திருப்பு நாளைப் படித்த பிறகுதான். வெயில் அதைச் சிதைக்கும், அதனால் சாயங்காலம் அடிக்க வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும், எனவே இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கைலான் இலையில் மெழுகு இருப்பதால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும், லேபிள் அனுமதிக்கும் ஒட்டுத் திரவம் சேருங்கள். மறுநாளே புழு கீழே விழவில்லை என்று பயந்து வேறு மருந்தைக் கலக்காதீர்கள். தின்பதை உடனே நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். பெரிய புழுவுக்கு இது அவ்வளவாக வேலை செய்யாது, அவற்றைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். வலைக்கூடத்தில் கிழிசல் இருந்தால் இன்றே தையுங்கள்.

ஸ்டோரைப் பற்றிச் சுருக்கமாக. தரையில் எதுவும் இருக்கக் கூடாது. தூள் மேல் தட்டில், திரவம் கீழ்த் தட்டில், களைக்கொல்லி தனி அலமாரியில். உரம், கையுறை, முகக்கவசம் எதுவும் அங்கே வேண்டாம். புது மருந்து வந்த அன்றே லேபிளின் எல்லாப் பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள், லேபிள் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுங்கள், வந்த தேதியை அழியாத மையில் போத்தலிலேயே எழுதுங்கள். ஊரில் பார்த்துப் பழகிய சிவப்பு, மஞ்சள் முக்கோணத்தை இங்கே வரும் டப்பாவில் தேட வேண்டாம். எச்சரிக்கை வாசகத்தைப் படிக்க முடியாதவருக்கு நீங்கள் படித்துச் சொல்லுங்கள். காலிப் போத்தலை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள், அப்போதுதான் யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப்போகமாட்டார்கள்.

இந்த மாதப் பதிவுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். "மழையில் லேபிள் அழிந்தது, எந்த மருந்து என்று உறுதியில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுங்கள். லேபிள் உரிந்த பிறகு அந்தப் போத்தல்களிலிருந்து யாராவது எந்தப் பாத்திக்காவது அடித்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் தனியாக, கோபப்படாமல் விசாரியுங்கள். அடித்திருந்தால் அந்தப் பாத்தியை அறுக்காமல் நிறுத்தி வையுங்கள், முதலாளி சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் ஆலோசனை கேட்கட்டும், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். பாத்தி எண்ணையும் விதைத்த தேதியையும் எனக்கு எழுதுங்கள், அந்தப் பாத்தியை என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.