கொரோனா காலத்து மலேரியா: கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கே: டாக்டர், மலேரியா கொசு கடித்தால் கொரோனாவும் ஒட்டிக்கொள்ளுமா?

ப: ஒட்டாது. கொரோனா மூச்சுக்காற்று வழியாகப் பரவுவது. கொசுவுக்கு அதில் வேலையில்லை.

கே: அப்புறம் ஏன் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள்?

ப: இரண்டுமே பெரும்பாலும் காய்ச்சலில்தான் தொடங்கும். சிக்கலே அங்கேதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 24 மணி நேரத்துக்குள் சோதனை செய்யுங்கள் என்று ஆப்பிரிக்க நாடுகளில் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும், லேசான காய்ச்சலா, வீட்டிலேயே இருங்கள் என்று பல இடங்களில் அறிவித்துவிட்டார்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா அப்படிக் காத்திருக்காது. சின்னக் குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் மூளை வரை போய்விடும். அந்த ஆண்டு மலேரியாவால் 6,27,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2019-ஐவிட 69,000 அதிகம். அதில் சுமார் 47,000 சாவுகளுக்குக் காரணம், தடுப்பும் சோதனையும் சிகிச்சையும் தடைப்பட்டதுதான். இவர்கள் யாரும் கொரோனாக் கணக்கில் வரமாட்டார்கள்.

கே: ஊரடங்கில் கொசுவலை கொடுப்பதும் நின்றிருக்குமே?

ப: நின்றிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். வலை விநியோகம் அடியோடு நின்று, மருந்தும் முக்கால்வாசி கிடைக்காமல் போனால், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் மட்டும் அந்த ஆண்டு மலேரியாவால் 7,69,000 பேர் சாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே எச்சரித்தது. பெனின் நாடு அதே மாதம் வீடு வீடாகப் போய் வலை கொடுத்தது. சின்ன நாடு, பாராட்ட வேண்டும்.

கே: ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியா மாத்திரைதானே சார்? எங்கள் மாமா கொரோனாவுக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்.

ப: மாமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவே 2020 மார்ச்சில் அவசர அனுமதி கொடுத்துவிட்டு, ஜூனில் திரும்பப் பெற்றது. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்குப் பலனில்லை என்று பிரிட்டனின் ரிகவரி ஆய்வு காட்டியது. நடுவில் அவதிப்பட்டது லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), முடக்குவாத நோயாளிகள். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை அவர்களுக்குக் கடையில் கிடைக்கவில்லை.

கே: இப்படி முன்பு நடந்திருக்கிறதா?

ப: 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில், எபோலா பரவியபோது. பயத்தில் மக்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனாலும் ஆபத்து: மலேரியாக் காய்ச்சலோடு வந்தவரை எபோலா சந்தேக வார்டில் படுக்க வைத்தால், இல்லாத நோய் அங்கே தொற்றலாம். அதனால் சியரா லியோனில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமலே சுமார் 25 லட்சம் பேருக்கு மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த முடிவு அது.

கே: இரண்டும் ஒருவருக்கே வருமா?

ப: வரும். கொரோனா பாசிட்டிவ் என்றதும் மலேரியா சோதனையை விட்டுவிடாதீர்கள்.