கியோட்டோவில் வாடகைக் கிமோனோ உடுத்திச் சுற்றிப் பார்க்க, படமெடுக்க எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நேரம். பல கடைகள் மாலை 5 அல்லது 6 மணிக்குள் உடையைத் திருப்பிக் கேட்கும். உடுத்திவிடவே அரை மணி நேரமாவது ஆகும். தலை அலங்காரம் என்றால் இன்னும் கூடும். ஆகவே காலை 9 மணிக்கே முன்பதிவு செய்யுங்கள். பொழுது ஏறிவிட்டால் கியோமிசு கோயிலுக்குப் போகும் சன்னென்சகா படிகளில் நின்று படமெடுக்க இடம் கிடைக்காது.

உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. செல்ஃபியில்தான் பலர் இங்கே தவறுகிறார்கள்: முன்பக்க கேமரா படத்தைக் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிச் சேமித்தால், சரியாக உடுத்தியதும் தவறாகத் தெரியும். போன் அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

ஓபி எனும் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஜோரி செருப்பின் வார் விரலிடுக்கை உரசும், அதனால் சிறு அடிகளாக நடங்கள். படியேறும்போது வலக்கையால் முன்மடிப்பைச் சற்றே தூக்கிக்கொண்டால் ஓரம் மிதிபடாது.

கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் நுழையவே வேண்டாம்; 10,000 யென் அபராத அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். வேலைக்கு விரையும் மைக்கோ (கெய்ஷா எனும் மரபு ஆடல், பாடல் கலைஞராகப் பயிலும்) பெண்களை வழிமறித்துப் படமெடுப்பது அவர்களை உண்மையிலேயே துன்புறுத்துகிறது.