சங்கீதம் 145: 22-ஆவது வசனம் எங்கே?

இந்தச் சங்கீதம் 21 வசனங்களோடு முடிகிறதே என்று கேட்டீர்கள். உங்கள் பைபிளில் அச்சுப்பிழை இல்லை, சகோதரி. எபிரெய அகரவரிசைப்படி, ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும்படி எழுதிய பாட்டு இது. எழுத்து 22, வசனம் 21. 'நூன்' எழுத்துக்குரிய வரி வழக்கமான எபிரெயப் பிரதியில் இல்லை. கையால் நகலெடுத்தபோது விட்டுப்போயிருக்கலாம்.

எபிரெய பைபிளைத் திறந்து முதலெழுத்தைப் பாருங்கள்: 13 'மேம்', 14 'சாமெக்'. இடையில் வரவேண்டிய 'நூன்'தான் விடுபட்டிருக்கிறது. சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பழைய சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அங்கே ஒரு வரி உண்டு. தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர் என்ற பொருளில்.

அந்த வரி பிற்காலச் சேர்க்கை என்பாரும் இருக்கிறார்கள். ஞாயிறு வகுப்பில் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு அந்த இடமே பிடிக்கும். 13-இல் நித்திய ராஜ்யம். 14-இல் அதே ராஜா விழுகிறவர்களைத் தாங்குகிறார். பெங்களூரு சிவாஜிநகரில் எங்கள் வீட்டு ஜெபத்தில் இதை வாசித்தபோது, வேலை போயிருந்த ஒரு அண்ணன் 14-ஆம் வசனத்தில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.