பதில்: தாராவி பிள்ளைகளிடம் படைச்சேவை மறுப்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

மனசாட்சிப்படி படைச்சேவையை மறுப்பது பற்றி ஞாயிறு வகுப்பில் பேசப்போனால், "இங்கேதான் கட்டாயம் இல்லையே, இது ராணுவத்துக்கு எதிரான பேச்சா?" என்று பெற்றோர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

வரையறையில் தொடங்காதீர்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அக்னிவீர் (4 ஆண்டுப் படைப்பணி) விண்ணப்பத்தில் தொடங்குங்கள். 17½ வயதில் சேரலாம். 18 நிறையாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சேர்ந்தபின் 4 ஆண்டு முடியுமுன் தானாக விலக, விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதி. "கையெழுத்துப் போடுமுன் உன் மனசு என்ன சொல்கிறது?" என்று பலகையில் எழுதிவிட்டு, பத்து நிமிடம் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அந்த மௌனம்தான் பாடம்.

அடுத்து, ஆண்களுக்குப் படைச்சேவை கட்டாயமான தென்கொரியா. மாற்றுச் சேவைக்கு (ஆயுதம் ஏந்தாமல் செய்யும் வேறு பொதுப்பணிக்கு) வழி செய்யாத சட்டம் தவறு என்று 2018-இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2020 முதல், மறுப்பவர்கள் 36 மாதம் சிறைச்சாலையிலேயே தங்கி வேலை பார்க்கிறார்கள். தரைப்படையில் 18 மாதம்தான். இந்த இரட்டிப்பு நியாயமா? பிள்ளைகள் சண்டை போடட்டும், விடுங்கள்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வரி: அங்கே கட்டாயச் சேவை உண்டு, இந்த மறுப்புக்கு அங்கீகாரம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பணியில் இருக்கும் வீரரைக் கடமையிலிருந்து விலகத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (நம் நாட்டுக் குற்றவியல் சட்டம்) 159-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே துண்டறிக்கையில் "சேராதே", "விட்டு வா" என்று எதுவும் வேண்டாம். "யோசித்து முடிவெடு" போதும்; பெற்றோருக்கும் முதலில் அதையே காட்டுங்கள்.